பர்கூர் மலை ஜீப்புக்கு ஒரு ஏர் ஃபில்டர்

காற்றின் வேகம், தூசியின் அளவு, காகிதத்தின் பரப்பு இவற்றையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. ஃபில்டர் செய்யும் நம் கம்பெனியின் தேர்வுப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்தவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பிரிவிலிருந்து கேட்டார்கள். உட்கார்ந்து யோசித்தால் ஒரே ஒரு ஜீப்தான் கண்முன் வந்து நிற்கிறது.

இன்றைக்கும் ஒரு டீசல் வண்டி காரணமில்லாமல் சத்தத்தைக் கூட்டினால் என் கை பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். போன வாரம் அவிநாசிப் பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன். "ஏனுங்க, மயக்கமாங்க?" என்று கேட்டு அவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். அவருக்கு என்னவென்று விளக்குவது?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கோவையில் நூற்பாலை வைத்திருந்த ஒரு குடும்பம் அந்தியூரில் ஒரு தர்ம மருத்துவமனை நடத்தியது. பூர்வீகத்தில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். பருத்தி விளைவித்து, பருத்தி அரைத்து, பிறகு ஆலை கட்டியவர்கள். அங்கிருந்து வாரம் ஒருமுறை ஒரு ஜீப் பர்கூர் மலைக்கு ஏறும். நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் ஜீப். தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து மண்ணும் பாறையுமாக ஒரு தடம், அதன் முடிவில் சில குடியிருப்புகள். அங்கே மருத்துவம் என்றால் அந்த ஜீப்தான்.

அந்த ஜீப்பின் எஞ்சின் ஒரு வருடத்துக்குள் தேய்ந்துபோய், பிரித்துப் புதுப்பித்துப் பூட்டியிருந்தார்கள். தூசி தின்றிருந்தது. எந்த ஏர் ஃபில்டர் போட்டால் நிற்கும் என்று எங்களைக் கேட்டார்கள். அதில் இருந்தது பழைய வகை: அடியில் ஒரு கிண்ணம், அதில் எண்ணெய். உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேல் திரும்பும்போது தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் உள்சுவரில் ஒரு கோடு இருக்கும், ஏறக்குறைய பாதி உயரத்தில். எண்ணெய் அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். இதை விட்டால் மாற்று, காகித ஃபில்டர்.

சாதாரணமான வேலைதான். ஆனால் அந்த ஜீப்பில் வாரந்தோறும் மலையேறிய மருத்துவர் என் மகள் நித்யா. படிப்பு முடித்து அவள் ஏற்ற முதல் வேலை அது. பிரிவுத் தலைவரிடம் இதைச் சொன்னேன். அவர், "போயிட்டு வாங்க" என்றார்.

அப்போது எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு வண்டியைப் பார்க்கப் போனால், முதல் ஓட்டம் முடியும்வரை எதையும் திறக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, திருத்தக் கூடாது. அந்த ஊர்க்காரர்கள் எப்படி ஓட்டுகிறார்களோ அப்படியே கூட உட்கார்ந்து போக வேண்டும். நாம் சரிசெய்துவிட்டுப் பார்த்தால் நம் கைவேலையைத்தான் பார்ப்போம், வண்டியை அல்ல. நல்ல வழக்கம். அதற்கும் ஒரு விலை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

ஆயுத பூஜை முடிந்த வாரம். புரட்டாசி மழை ஏமாற்றியிருந்தது. ஜீப் குளித்துச் சந்தனம் பூசி, முகப்பில் வாடிய சாமந்தி மாலையோடு நின்றது. ஓட்டுநர் மாரப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பெனியில இருந்து இஞ்சினீருன்னு சொன்னாங்க. அம்மணிதானுங்களா?"

"நான்தானுங்க. ஏன், மலைக்கு ஆகாதுங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க. சீலையோட முன்னாடி உக்காந்தா கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோணும், அவ்வளவுதானுங்க." பின்னால் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த நித்யாவைக் காட்டினார். "டாக்டரம்மா மொத நாளு தலையில இடிச்சுட்டு ஒரே அழுகைங்க."

"அழுகல. கண்ணுல தண்ணி வந்துச்சு" என்றாள் நித்யா.

"அதைத்தானுங்க நாங்க அழுகைங்கறது."

வழியெல்லாம் எஞ்சின் கதை சொன்னார். ஆடியில் குருநாதசாமி பண்டிகைக்கு மாடும் குதிரையும் கூடும்போது எழும்பிய புழுதி முழுவதையும் தன் ஜீப்தான் குடித்தது என்றார். ஏறும்போது பின்னால் லேசாக நீலப்புகை வந்தது. "புது ரிங்குங்க. உக்கார வரைக்கும் பொகையும்" என்றார். அதுவும் உண்மைதான், பிஸ்டன் வளையங்கள் புதிதாக இருந்தால் அது நடப்பதுண்டு. மேலே ஏறிவிட்டால் முதல் ஓட்டம் முடிந்த கணக்கு, அப்போது கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மேலே போனதும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்து மரத்தடியில் வைத்திருந்தார்கள். நித்யா குனிந்து பார்த்தாள். எழுந்தபோது அவள் முகம் எனக்குத் தெரியாத ஒரு முகமாக இருந்தது.

"மாரப்பண்ணா, வண்டியத் திருப்புங்க. இப்பவே கீழ போகணும்."

பின்பக்கம் மெத்தை விரித்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தோம். மேலே ஒரு தடித்த கம்பளி. அவள் புருஷன் காலடியில் ஒடுங்கி உட்கார்ந்தான். நித்யா தலைமாட்டில். நான் முன்னால்.

தடத்தில் ஓர் இடத்தில் வலதுபக்கம் நிலம் முடிந்துவிடும். கீழே மூங்கில்காடு. அதற்குச் சற்று முன்னால் ஒரு பாறைப்படி. ஜீப் மூக்கைக் குத்தி அந்தப் படியில் இறங்கிய குலுக்கலில்தான் சத்தம் மாறியது.

மாரப்பனின் கால் ஆக்சிலேட்டரில் இல்லை. நான் பார்த்தேன். ஆனாலும் எஞ்சின் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வண்டி முன்னால் பாய்ந்தது. அவர் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தார், வண்டி நின்றது. பாரம் விலகியதும் எஞ்சின் இன்னும் வெறியோடு அலறியது. டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தார். கேட்கவில்லை. மறுபடி இழுத்தார், கம்பியே கையோடு வந்துவிடும்போல.

"நிக்க மாட்டேங்குதுங்க! அம்மணி, நிக்க மாட்டேங்குதுங்க!"

பின்னாலிருந்து நீல வெள்ளைப் புகை எங்களைச் சூழ்ந்தது. எஞ்சின் டீசலைக் குடித்து ஓடவில்லை, கிண்ணத்து எண்ணெயை உறிஞ்சி ஓடுகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டீசலை அடைப்பதால் பயனில்லை. எண்ணெய் தீரும்வரை, அல்லது எஞ்சின் உடையும்வரை ஓடும். மாரப்பனின் கால் பிரேக்கை அழுத்தியபடி இருந்தது. அந்தக் காலுக்கும் மூங்கில்காட்டுக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை.

அறிவு இவ்வளவையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டது. உடம்பு கேட்கவில்லை. நான் திரும்பி நித்யாவைப் பார்த்தேன். "எறங்கு! எறங்கிடு!" என்று கத்தினேன். கை பின்னால் நீண்டு அவள் தோளைத் தேடியது.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இவங்கள இப்ப அசைக்கக் கூடாதும்மா. இவங்கள நான் பாத்துக்கறேன். நீ வண்டியப் பாரு!"

பெற்ற பிள்ளை அதட்டினால் ஒரு பலன் உண்டு. நான் வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். அந்தப் புருஷனிடம் "கல்லு! சக்கரத்துக்கு முன்னால கல்லு!" என்றேன். அவன் பின்பக்கமாகக் குதித்து, மனிதன் தூக்க முடியாத ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தான். மாரப்பன் கியரில் தட்டி எஞ்சினை அமுக்கப் பார்த்தார். "வேண்டாம்! கிளட்ச விடாதீங்க!" என்றேன். மலைக்காக அவர் போட்டிருந்த இழுவை கியரில் அந்த எஞ்சின் பிரேக்கை ஜெயித்துவிடும். ஜீப் எங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். மீதி ஒரே வழி காற்றை நிறுத்துவது.

பானெட்டின் பக்கக் கொக்கிகளைத் தட்டித் தூக்கினேன். உள்ளே எல்லாம் அதிர்ந்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஃபில்டரின் தலையைச் சுற்றிலும் காற்று போகும் இடைவெளி. அதில் வெறும் கையை வைக்கக் கூடாது. முந்தானை மெல்லியது, போதாது.

"கம்பளி!" என்றேன்.

நித்யா அந்தப் பெண்ணின் மேலிருந்த கம்பளியை உருவி எறிந்தாள். அதை மடித்து ஃபில்டரின் தலையில் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டேன். எஞ்சின் கம்பளியைப் பிடித்து உள்ளே இழுத்தது. உயிருள்ள ஒன்று பால்குடிக்க முட்டுவதுபோல முட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் இறங்கியது, இருமியது, நின்றது.

பிறகு வந்த அமைதியில் பின்பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் முனகலும், "ஒண்ணுமில்ல கண்ணு, மூச்ச விடு" என்ற நித்யாவின் குரலும் கேட்டன. மாரப்பன் இன்னும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தார். கல் வைத்தாயிற்று, காலை எடுக்கலாம் என்று சொல்லியும் அவரால் எடுக்க முடியவில்லை. நான்தான் போய் அவர் முழங்காலைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

கிண்ணத்தைக் கழற்றினேன். அவ்வளவு போன பிறகும் எண்ணெய் கோட்டுக்கு மேல் நின்றது.

அடுத்த முடிவுதான் கஷ்டமானது. அந்தப் பெண் கீழே போயாக வேண்டும். வேறு வண்டி இல்லை. எண்ணெயைக் கோடுவரை குறைத்து ஊற்றி ஓட்டலாம். ஆனால் இன்னும் பாறைப்படிகள் இருந்தன. நான் கிண்ணத்தை முழுவதும் கொட்டிக் கவிழ்த்துத் துடைத்து, வெறுமையாகவே மாட்டினேன். எஞ்சினுக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளப்பச் சொன்னேன்.

"புழுதி உள்ள போயிருமுங்களே. இப்பத்தான் எஞ்சின் வேலை பாத்தது" என்றார் மாரப்பன்.

"போகட்டுமுங்க."

இதை உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் தொழில் தூசியைத் தடுப்பது. ஆனால் தூசி ஓர் எஞ்சினைக் கொல்ல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது கீழே போய்ச் சேரும் நேரம் மட்டும். எந்தக் கேடு முதலில் வரும் என்று பார்த்து, மற்றதை அனுமதிக்கத் தெரிய வேண்டும். அதை அனுமதிக்கும்போது நம் கையே நம்மை எதிர்க்கும்.

அந்தியூர் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நித்யா கைகழுவிவிட்டு வந்து, "கம்பளிய அவங்களுக்குத் துவைச்சுக் குடுக்கணும், ஒரே எண்ணெய்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஆலை முதலாளியின் அறையில் கூடினோம். மாரப்பன் கதவோரம் நின்றார். முதலாளி அவரை உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

"கிண்ணத்துல கோடு இருக்கறது தெரியுமில்லீங்க மாரப்பா?" முதலாளி கோபத்திலும் 'ங்க' போடுகிறவர்.

"தெரியுமுங்க. எப்பவும் கோட்டோடதானுங்க ஊத்தறது."

"அப்புறம்?"

மாரப்பன் எங்கள் எல்லோரையும் பார்த்தார். இது ஏன் புரியவில்லை என்ற வியப்பு அவர் முகத்தில் இருந்தது. "ஆயுத பூசைங்களே. எல்லாத்தையும் கழட்டிக் கழுவி சாமி முன்னால வெச்சமுங்க. அரைக் கிண்ணமா வெப்பாங்களா யாராச்சும்? நெறைய ஊத்தி வெச்சு, பொட்டு வெச்சு, கும்புட்டுப்போட்டு அப்படியே மாட்டிப்போட்டனுங்க."

அந்த அறையில் இருந்த எவர் வீட்டிலும் சாமி முன்னால் குறைகுடம் வைத்ததில்லை. சொம்பில் தண்ணீர் தளும்ப வேண்டும், படியில் நெல் கோபுரமாக நிற்க வேண்டும். இதற்காக அந்த மனிதரை எப்படித் திட்டுவது?

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சரி, பேப்பர் ஃபில்டரே போட்டுரலாமுங்க. எண்ணெயும் வேண்டாம், தொல்லையும் வேண்டாம். என்னங்க மேடம்?"

நானும் அதைத்தான் எழுதி வந்திருந்தேன். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் காகிதத்திலிருந்து ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தடத்துக்கு அதுதான் சரி. தாளை நீட்டப்போனவள், என்னவோ தோன்றிக் கையை இழுத்துக்கொண்டு மாரப்பனைக் கேட்டேன்.

"பேப்பர் ஃபில்டர் போட்டுட்டோம்னு வெச்சுக்கங்க. அடுத்த ஆயுத பூஜைக்கு அத என்ன பண்ணுவீங்க?"

"அதென்னங்க கேள்வி? நல்லா சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சு வெப்பனுங்க."

மலையிலிருந்து இறங்கிய பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் போய்க் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் காகிதத்தைக் கழுவினால் அதன் துளைகள் விரியும், ஒட்டு விடும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், தூசியெல்லாம் நேராக உள்ளே போகும். கழுவாதீர்கள் என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டலாம். வருடத்தில் ஒரே ஒரு நாள், ஊரே தன் ஆயுதங்களைக் கழுவும் நாளில், ஒரு சீட்டு எத்தனை பேரைத் தடுக்கும்?

"மாரப்பண்ணா, புதுசா வாங்கின பொருளப் பூஜையில வெச்சா கழுவுவீங்களா?"

"புதுச எதுக்குங்க கழுவறது? பொட்டு வெச்சாப் போதுமே."

அதைப் பிடித்துக்கொண்டேன். மேசையிலேயே தாளைத் திருப்பி எழுதினேன். காகித ஃபில்டர், அதற்கு முன்னால் பெரிய தூசியைச் சுழற்றிக் கீழே தள்ளும் ஒரு குடுவை. பழைய காகிதத்தை ஒருபோதும் கழுவ வேண்டியதில்லை, தூக்கி எறிய வேண்டும். ஆடியில் குருநாதசாமி பண்டிகை முடிந்ததும் புதியது ஒன்று. ஆயுத பூஜைக்குப் புதியது ஒன்று, அட்டைப்பெட்டியோடு சாமி முன்னால் வைத்துப் பிறகு மாட்டுவது. தை நோன்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, ஒன்று.

"சந்தனம் அட்டைப்பெட்டி மேல மட்டுமுங்க" என்றேன்.

"உள்ள ஒரு சின்னப் பொட்டுங்க?"

"வேண்டாமுங்க."

"ஓரத்துல, தகரத்து மேல?"

"தகரத்து மேல வெச்சுக்குங்க."

அவருக்கு அதில் முழுத் திருப்தி.

ஒரு வண்டிக்கு ஃபில்டர் தேர்ந்தெடுக்கும்போது, எஞ்சினையும் தடத்தையும் மட்டும் பார்த்தால் நான் முதலில் எழுதிய தாளே போதும். ஆனால் அதைத் தொடப்போகும் கை யாருடையது, அந்தக் கை எந்த நாளில் எப்படி மாறும் என்பதும் தேர்வின் பகுதிதான். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவற்றை எச்சரிக்கையால் தடுப்பது கடினம். அந்த நல்லெண்ணத்துக்கு உட்கார ஓர் இடம் போட்டுக் கொடுத்துவிடுவது எளிது.

பிரிவுத் தலைவரிடம் தாளைக் கொடுத்தபோது அவர் முழுவதும் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதே கிண்ணத்தோட மலையேற வண்டி வேற எத்தனை இருக்கும்ங்க, வால்பாறை, கொல்லிமலைப் பக்கம்?" என் பிள்ளை ஏறாத ஜீப்புகளைப் பற்றி அதுவரை நான் நினைத்திருக்கவில்லை. அடுத்த மாதம் முழுக்கப் பிரிவிலிருந்து நாங்கள் மூன்று பேர் அந்த வண்டிகளைத் தேடிப் போனோம்.

ஆனால் அதற்கு முன் ஒன்று பாக்கி இருந்தது. புதிய ஃபில்டரோடு ஜீப் முதன்முறை மலையேறிய நாள். அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த நித்யாவிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். ஆர்.எஸ்.புரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில் ஆள் எடுக்கிறார்களாம் என்றேன். அவள் தோசையைப் பிய்த்தபடி, "நீ போட்ட ஃபில்டர் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்றாள். நம்பிக்கை வேறு, பெற்ற வயிறு வேறு என்று சொல்ல வாயெடுத்து அடங்கினேன்.

விடுப்புப் போட்டு அந்தியூர் போனேன். மாரப்பன் முன்பக்கக் கதவைத் திறந்தார். "வாங்க அம்மணி, எடமிருக்குது."

ஏறவில்லை. திரும்பும்போது அந்த இடம் நோயாளி யாருக்காவது தேவைப்படும் என்று சொன்னேன். உண்மைக் காரணம், நான் உட்கார்ந்தால் அந்த ஓட்டத்திலிருந்து எதுவும் தெரியாது; என் பயத்தைத்தான் கேட்டுக்கொண்டு வருவேன். ஜீப் போயிற்று. மருத்துவமனை வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்றேன். டீக்கடைக்காரர், "யாருக்கோ ரொம்ப முடியலீங்களாட்ட இருக்குது" என்று சொல்லி மூன்றாவது டீக்குக் காசு வாங்க மறுத்தார்.

வெயில் சாய்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சீராக, ஒரே தாளத்தில் வந்தது. ஜீப் வளைந்து உள்ளே நுழைந்தது. நான் ஓடினேன். மாரப்பன் எஞ்சினை நிறுத்தாமல், உதட்டில் விரலை வைத்துக் கையை ஆட்டினார்.

"சத்தம் போடாதீங்க அம்மணி. பாறைப்படி எறங்கறப்பவே தூங்கிட்டாங்க."

பின்பக்கம் மருந்துப் பெட்டியின் மேல் தலைசாய்த்து, வாயைத் திறந்தபடி என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.